தப்பு அட்டைகள்

எங்கள் ஆபீஸில் தப்பே நடப்பதில்லை என்று மேனேஜர் நம்பிக்கொண்டிருந்தார். பாவம், நம்பிவிட்டுப் போகட்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். தேனாம்பேட்டையில் அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியின் இரண்டாம் மாடியில் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, விண்ணப்பப் படிவங்களைப் பார்த்து அட்டைகளில் ஓட்டை போடுவார்கள். கம்ப்யூட்டர் படிப்பது அந்த ஓட்டைகளைத்தான். சரிபார்ப்பது என் வேலை. அதே படிவத்தைப் பார்த்து என் மெஷினில் நானும் தட்டுவேன். முன்னவள் அடித்ததோடு ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம். ஆறு வருஷத்தில் நான் ஒரு வரி எழுதியதில்லை. அட்டையைச் சாப்பாட்டுக் கூடைக்கு அடியில் ஒளித்து, உரியவளிடம் சாடை காட்டுவேன். அவள் வேறு அடித்துத் தருவாள். பழையதைக் கிழித்துப் போட்டுவிடுவேன்.

ஏழாவது நாற்காலி செண்பகத்தின் அட்டைகள்தான் கூடைக்கு அடியில் அதிகம். டெம்பரரி. மார்ச்சில் நிரந்தரம் ஆக வேண்டியவள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

எழுபத்துமூன்றில் சிதம்பரநாதன் வந்தார். தியாகராய நகரில் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. மகன் கல்லாவில் உட்காராமல், மனிதர்களும் கம்ப்யூட்டரும் எந்த இடத்தில் முட்டிக்கொள்கிறார்கள் என்று அடையாறில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு மாதம் எங்கள் முதுகுக்குப் பின்னால் கடிகாரமும் கையுமாக உட்கார்ந்தார். எங்களுக்கு ஒரே சிரிப்பு. ஆனால் நாற்காலி உயரத்தை அளந்தார். கழுத்து வலிக்கிறதா என்று விசாரித்தார். அதுவரை அங்கே யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்வியில் நான் விழுந்துவிட்டேன்.

பதிவேட்டில் தப்பே இல்லையே, மனுஷர்கள் வேலை செய்யும் இடத்தில் அது எப்படி என்று ஒருநாள் கேட்டார். என் கண் கூடைப்பக்கம் போனதை அவர் கவனித்துவிட்டார்.

"தப்பு உங்க விரல்ல இல்ல, மிஸ் மர்சலின். படிவத்துல இருக்கு. பிறந்த தேதி அதுல கடைசியில வருது, அட்டையில முதல்ல அடிக்கணும். கண்ணு தாவுற இடத்துலதான் கை தடுமாறுது. தப்பான அட்டைகள் கிடைச்சா நிரூபிச்சிருவேன். பேர் வேண்டாம், நாற்காலி நம்பர் போதும். ஆபீஸுக்கு எதுவும் போகாது."

நம்பினேன். நாலு மாதம் ஒரு அட்டையையும் கிழிக்கவில்லை. நம்பர் போட்டுக் கட்டி, ஞாயிறு பூசை முடிந்து சாந்தோம் கோயில் வாசலில் அவரிடம் கொடுப்பேன். கூட இருந்தவர்களிடம் மூச்சு விடவில்லை. பயந்துவிடுவார்கள், நல்லது நடந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு ஒரு மிதப்பு.

மார்ச்சில் மேனேஜர் செண்பகத்தைக் கூப்பிட்டார். மேஜைமேல் டைப் அடித்த அட்டவணை. ஏழுக்கு நேரே தொண்ணூற்று நாலு தப்பு. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் நிரந்தரம் என்பதால் எனக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று.

அன்று சாயங்காலமே அடையாறுக்குப் போனேன். அவர் எதையும் மறுக்கவில்லை.

"ஆராய்ச்சியை வெளியிடறதுக்கு கம்பெனி அனுமதி வேணும். அட்டவணை கொடுத்தாத்தான் கையெழுத்துன்னாங்க. இல்லன்னா மூணு வருஷ உழைப்பு போயிரும். நான் பேர் எதுவும் கொடுக்கலையே, வெறும் நம்பர்தானே."

மேனேஜருக்குப் பன்னிரண்டு நாற்காலி எண்ணத் தெரியாதா? படித்த மனிதர் என்று நம்பிக் கழுத்தை நீட்டினேனே. அதுவும் என் கழுத்தை அல்ல.

ஜூலையில் புதுப் படிவம் வந்தது. அட்டையின் வரிசையே படிவத்திலும். என் மெஷினில் சிவப்பு விளக்கு எரிவது அபூர்வமாயிற்று. செண்பகத்தின் நாற்காலிக்கு வந்த சரோஜாதேவி நேற்றுத்தான் வேலை பழகிய பெண், அவளே தடுமாறவில்லை. சிதம்பரநாதன் சொன்னது அத்தனையும் சரி. வெளிநாட்டில் பேச அழைப்பு வந்திருக்கிறது என்று ஸ்வீட் பெட்டியோடு வந்தார். மேனேஜரை வைத்துக்கொண்டே கேட்டேன்.

"அப்ப செண்பகம் பண்ணினது படிவத்தோட தப்புதானே, சார்?"

"ஆமா. அப்படித்தான் எழுதியிருக்கேன்."

அவளைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். அது நிர்வாகத்தின் விஷயம், ஆராய்ச்சிக்காரன் தலையிட முடியாது என்று சொல்லி எனக்கும் ஒரு ஸ்வீட் நீட்டினார். நான் எடுக்கவில்லை.

அன்றே மாம்பலத்தில் செண்பகத்தின் வீட்டுக்குப் போனேன். உன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொன்னால் அவள் மனசு ஆறும் என்று நினைத்தேன். அட்டைகளைக் கொடுத்தது நான்தான் என்பதையும், அவர் செய்த துரோகத்தையும் ஒன்றுவிடாமல் சொல்லி அழுதேன். அவள் அழவில்லை.

"அந்தாளு எனக்கு யாரு, மர்சலின்? அவரு இன்னாத்துக்கு என்னைக் காப்பாத்தணும்? கிழிச்சிட்டியான்னு தெனம் உன்னைத்தானே கேட்டுக்கினு இருந்தேன். ஆமான்னு சொன்னியே."