பல்லைப் பல்லாகக் காட்டும் போன்

அந்தக் குடியிருப்பின் நான்கு மாடிக்கும் அவள் பல்லுக்காரம்மாதான். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் வங்கியில் மட்டும்தான் இருந்தார்கள். பல் டாக்டர்கள் உடைந்த பல்லுக்கு அளவெடுத்து அனுப்புவார்கள். அவள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து, பீங்கான் பொடியைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு அடுக்கி, சின்னச் சூளையில் சுட்டு, பல்லின் மேல் மாட்டுகிற கேப் செய்து கொடுப்பாள். வடிவம் செய்ய ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நிறம் பிடிப்பதில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது அவளுடைய எண்ணம். அந்த எண்ணத்தை அவள் ஒருநாளும் மறைத்து வைத்ததில்லை.

முன்பல் வேலை என்றால் ஒரு பழைய கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு டாக்டரின் அறைக்கே போய்விடுவாள். பதினாறு மாதிரிப் பற்கள் கோத்த ஒரு பட்டை அவளிடம் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒவ்வொன்றுக்கும் மூன்று, மூன்றரை என்று ஓர் எண். பொருத்தமான மாதிரியை நோயாளியின் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுப்பாள். வெளிச்சம் எப்படி இருந்தாலும் கவலையில்லை. மஞ்சள் விளக்கென்றால் இரண்டும் சேர்ந்து மஞ்சளாகும், வெள்ளை விளக்கென்றால் இரண்டும் சேர்ந்து வெளுக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் மட்டும் மாறாது. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பதினொரு வருடமாக அவள் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

கேமரா உயிரை விட்டதும் நல்ல நேரம் பார்த்துத்தான். மழலைப் பள்ளி டீச்சர் ஒருத்தி முன்பல்லை உடைத்துக்கொண்டு வந்திருந்தாள். சறுக்குமரத்தில் வேகமாக இறங்கிய ஒரு குழந்தையின் மண்டை இடித்ததாம். டீச்சர் வாயைத் திறந்தாள். பல்லுக்காரம்மா மாதிரியைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். கேமரா ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கிவிட்டது. டாக்டர், போன வாரம் வாங்கிய தன் புத்தம்புது போனை நீட்டி, இதில் எடுங்கள், உங்கள் கேமராவெல்லாம் இதன் கிட்டே வர முடியாது என்றார். எடுத்தாள். படம் பளிச்சென்று இருந்தது. அதைப் பார்த்தே கேப்பைச் செய்து கொடுத்தாள்.

தற்காலிகப் பசை வைத்து டாக்டர் அதைப் பொருத்தினார். கண்ணாடியில் பார்த்தார்கள், அச்சாகப் பொருந்தியிருந்தது. மறுநாள் டீச்சர் வகுப்பில் வாயைத் திறந்ததும் முன்வரிசையில் ஒரு குழந்தை, "டீச்சர், உங்க வாயில லைட்டு எரியுது" என்றதாம். நாலு வயதுக்கு இங்கிதம் ஏது? மதியத்துக்குள் ட்யூப்லைட் டீச்சர் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் ஒரு கையால் வாயை மூடிக்கொண்டுதான் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று டாக்டர் போனில் சொன்னார். இன்னொரு கேப் செய்யுங்கள், அதையும் தற்காலிகப் பசையில்தான் வைப்பேன், மறுநாள் பகல் வெளிச்சத்தில் பார்ப்பேன், சரியில்லையென்றால் இனி முன்பல் வேலை எல்லாம் பெரிய லேபுக்குப் போகும் என்றும் சொன்னார்.

"நிறத்துக்காகத்தானேம்மா உங்ககிட்ட வர்றேன்" என்று முடித்தார்.

அவளுக்குக் கோபத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. குழந்தைகளுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டிருக்கும் அந்தக் கை, தான் செய்த வேலை. பாதிச் சோற்றோடு எழுந்து பின்னறைக்குப் போய்விட்டாள்.

பொருத்தும்போது ஏன் தெரியவில்லை என்பது உடனே புரிந்தது. வாயை அரைமணி நேரம் திறந்து வைத்தால் பற்கள் காய்ந்து வெளுத்துவிடும். எச்சில் ஊறி ஊறித்தான் சொந்த நிறத்துக்குத் திரும்பும். இந்தத் தொழிலில் முதல் வாரமே கற்றுக்கொடுக்கிற பாடம் இது. டாக்டரும் அவளும் படம் பளிச்சென்று இருந்த மிதப்பில் அதை மறந்திருந்தார்கள். காய்ந்து வெளுத்த பல்லோடு வெளுத்த கேப் ஜோடி சேர்ந்துவிட்டது. சரி, கேப் ஏன் வெளுத்தது? படத்தைக் கணினியில் பெரிதாக்கிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். படத்தில் இருந்த மாதிரி தன் நிறத்தில் யோக்கியமாக இருந்தது. பல் மட்டும் வெளுத்திருந்தது. வெளிச்சம் கெடுத்திருந்தால் இரண்டையும் அல்லவா கெடுத்திருக்க வேண்டும்?

மூன்றாம் மாடிப் பெண்ணிடம் அதே போன் இருந்தது. இரவல் வாங்கி வந்து, வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே நுழைந்த கணவரை ஜன்னலோரம் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவர், எத்தனையோ பேர் மாட்டிக்கொண்ட லிஃப்டுகளைத் திறந்துவிட்டவர், ஏன் எதற்கு என்று கேட்காமல் திறந்தார். பதினாறு வருட இல்லறத்தில் அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த விஷயம் ஒன்று உண்டென்றால் அது அவர் பல்லின் எண்: மூன்றரை. அவரும் டீயுமாகச் சேர்ந்து சம்பாதித்த நிறம் அது. மூன்றரை மாதிரியைப் பக்கத்தில் வைத்து எடுத்தாள். படத்தில் மாதிரி மூன்றரையாகவே இருந்தது, கணவர் பல் மட்டும் இரண்டு படி வெளுத்து விளம்பரத்துக்கு நின்றது. அடுத்து ஒரு கேப்பை மேசைமேல் தனியாக வைத்து எடுத்துப் பார்த்தாள். நிறத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

விஷயம் விளங்கிவிட்டது. முகம் இருந்தால் போன் உதட்டைக் கண்டுபிடிக்கிறது. உதட்டுக்குள் இருப்பது பல், பல்லென்றால் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று தானே முடிவு செய்து வெள்ளையடித்துவிடுகிறது. பக்கத்தில் பிடித்த மாதிரியை அது பல்லென்றே மதிக்கவில்லை. அழகுபடுத்தும் வசதிகளை ஒவ்வொன்றாகத் தேடி அணைத்தும் அரைப்படி வெளுப்பு மிச்சம் இருந்தது. யாரைக் கேட்டுச் செய்தாய் என்று போனையே திட்டித் தீர்த்துவிட்டு அதைத் திருப்பிக் கொடுக்க மாடியேறினாள்.

கேமராவுக்கு உதிரிப் பாகம் கிடைக்காது என்று பழுது பார்ப்பவர் ஏற்கெனவே கைவிரித்திருந்தார். கிட்டத்தில் எடுக்கிற லென்ஸோடு புதுக் கேமரா வாங்குவதெல்லாம் ஆகிற காரியம் இல்லை. வெள்ளையடிக்கிற புத்தி வருவதற்கு முன்னால் செய்த போன்தான் தனக்குத் தேவை, அது புதுப்பித்து விற்கிற கடையில்தான் கிடைக்கும் என்று கணக்குப் போட்டாள். மறுநாள் காலை மாதிரிப் பட்டை, ஒரு சின்ன டார்ச், லேப்டாப், கணவரின் பற்கள் ஆகியவற்றோடு கிளம்பினாள். கடைசியாகச் சொன்னவற்றுக்காகக் கணவர் அரைநாள் விடுப்பு எடுத்திருந்தார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் போன்கள் முதல்தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று ஸ்டிக்கர் ஒட்டிப் படுத்திருந்தன. பல் தேய்க்கிற பிரஷ்ஷைக்கூட நான்கு முறை பார்த்து வாங்குகிறவளிடம் கடைக்காரர் முதலில் இருப்பதிலேயே விலை கூடியதை எடுத்து நீட்டினார்.

"இதுல எடுத்தா சார் பத்து வயசு கொறஞ்சு தெரிவாருக்கா."

"எனக்கு இவரு இப்ப இருக்கிற மாதிரியே வேணும்பா."

கணவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. அந்தப் பேச்சில் தொழிலைத் தவிர வேறெதுவும் இல்லை என்று அவள் விளக்கப் போகவில்லை. அவர் சந்தோஷமாக இருந்தால் வாயை நன்றாகத் திறப்பார்.

திறந்தார், ஒன்பது போனுக்கு ஒன்பது முறை. கடைக்கு வந்தவர்கள் வழிவிட்டு ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்ததில் இரண்டில் தூசி கிடந்தது, ஒதுக்கினாள். நான்கு போன்கள் வெள்ளையடித்தன. ஒன்று வெள்ளையடிக்கவில்லை, ஆனால் பல்லின் மேல் இருக்கிற மெல்லிய கோடுகளையெல்லாம் ஈரத்துணியால் துடைத்தமாதிரி வழித்து எடுத்துவிட்டது. இன்னொன்று கிட்டே போனால் மங்கியது. கடைசியாக மூன்றாம் தரத்தில் இருந்து, முதுகில் நீளமாக ஒரு கீறல் விழுந்த போன் வந்தது. அதன் திரையில் கணவரின் பற்கள் பச்சையாகத் தெரிந்தன.

கடைக்காரர் அவசரமாகக் கையை நீட்டினார். திரை உடைந்து வேறு திரை மாற்றியது, நிறம் சரியாகக் காட்டாது, அதனால்தான் மூன்றாம் தரம், இதை விடுங்கள் என்றார். அவள் கொடுக்கவில்லை. திரையில் மாதிரியும் பச்சையாக இருந்தது. பல் எவ்வளவு பச்சையோ அதே அளவு. படத்தை லேப்டாப்பில் ஏற்றினாள். பச்சை போன இடம் தெரியவில்லை. மூன்றரைக்குப் பக்கத்தில் மூன்றரை நின்றது, கோடு கறை எல்லாவற்றோடும். படத்தைத் திருத்தாமல் எடுத்தபடியே சேமிக்கிற வசதியும் அதில் இருந்தது. வாய்க்குள் போனை நுழைக்காமல் தள்ளி நின்றே எடுக்க இரண்டாவது லென்ஸும் இருந்தது. பேட்டரி புதிது. பல்லுக்காரம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

வாங்க வேண்டாம் என்று கெஞ்சுகிற கடைக்காரர் ஒருவரை அவள் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தாள். திரை போனதை எதற்கு வாங்குகிறாய் என்று கணவரும் காதைக் கடித்தார்.

"திரையை நான் எங்கங்க பாக்கப் போறேன்? படத்தைத்தான் பாக்கப் போறேன்" என்று பில் போடச் சொன்னாள்.

அன்று சாயங்காலமே டீச்சரை டாக்டரின் அறைக்கு வரச் சொல்லி, அவள் நாற்காலியில் உட்கார்ந்த மாத்திரத்தில், வாய் காய்வதற்கு முன்பே, நல்ல பல்லுக்குப் பக்கத்தில் மாதிரியைப் பிடித்துப் படம் எடுத்துவிட்டாள். டாக்டர் தோளுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, பாசி பிடிச்ச மாதிரி இருக்கு?"

"போனைப் பாக்காதீங்க டாக்டர். பொருத்தின மறுநாள் பல்லைப் பாருங்க."

சொன்ன குரலில் தைரியம் இருந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் கொஞ்சம் பயமும் இருந்தது. ஆனால் கணினியில் படத்தைத் திறந்ததும் அந்தப் பயம் இருந்த இடம் தெரியவில்லை. டீச்சரின் பல்லில் என்னென்ன இருந்ததோ எல்லாம் படத்தில் இருந்தது: ஈறோரம் தேன் நிறத்தில் ஒரு சாயல், நடுவில் நூல் போல ஒரு வெள்ளைக் கீற்று, நுனியில் லேசான கண்ணாடித்தன்மை. அத்தனையையும் ஒன்றுவிடாமல் பொடியில் கொண்டுவந்தாள். நான்கு முறை சுட்டாள். மூன்றாவது சூட்டில் பிடிபட்டுவிட்டது, நான்காவது அவளுடைய திமிருக்காக.

பொருத்திய அன்று டாக்டர் அருமை என்றார். அவள் பிடிகொடுக்கவில்லை. காய்ந்த பல்லோடு சேர்ந்து கிடைக்கிற பாராட்டு ஒருதடவை பட்டது போதும். டீச்சரும் கண்ணாடியை வாங்கிப் பார்க்கவில்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்று கையை வாயருகே வைத்தபடியே போய்விட்டாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் டீச்சர் வந்தாள். வகுப்பில் என்ன சொன்னார்கள் என்று பல்லுக்காரம்மா கேட்கவில்லை, கேட்டு வருகிற பதிலைத் தாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை. மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் ஜன்னல் திரையை முழுவதும் சுருட்டிவிட்டார். நாற்காலியை வெளிச்சத்துக்குத் திருப்பினார். வாயைத் திறக்கச் சொல்லி, உதட்டை விலக்கி, இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கழற்றிவிட்டு நிரந்தரப் பசை வைத்துவிடலாம் என்று மட்டும் முனகிக்கொண்டு, கேப்பைக் கழற்றும் கொக்கியை எடுத்துப் பல்லின் ஓரத்தில் மாட்டினார்.

டீச்சர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், அது ஏழு வயசுலேருந்து என்கூடவே இருக்கிற பல்லு. நீங்க போட்டது பக்கத்துல இருக்கு."