எட்டு அங்குலம் நீண்ட இடது இறக்கை

1

மதிப்பிற்குரிய வாசகருக்கு வணக்கம். இக்கதை எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை வரிசையில் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர், பழைய நோட்டுப் பக்கம் ஒன்றைப் பெரிதாக்கித் தரச் சொன்னார். அதில் பென்சிலால் வரைந்த ஒரு போர் விமானம் இருந்தது. நகலைப் பார்த்த கடைக்காரப் பெண், “ஒரு ரெக்க நீளமா வந்துட்சி சார், தாள் நகந்துட்சி போல” என்று வருந்தினார். “தாள் நகரலம்மா. ரெக்கயே அப்படித்தான்” என்றார் அவர்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவே. மற்றவை யாவும் என் துணிச்சல், பொறுத்தருள வேண்டும்.

2

முதல் தொடக்கம்: “1948ஆம் ஆண்டு. ஜெட் எஞ்சின்கள் சோதனைக் கூடங்களிலேயே உருகிப்போயின. இன்னும் முடியாத போருக்காக, ‘நாகநதி’ என்னும் விமானம் தன் விசிறியைச் சுழற்றிக்கொண்டு ஓடுபாதையில்—”

(விட்டுவிட்டேன். உலகப் போர் 1945இலேயே முடிந்துவிட்டது என்று எவரேனும் கடிதம் எழுதக்கூடும். எனினும் அந்த 1948 என்னுடையதன்று. ஆரணியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரு பதினைந்து வயதுக்காரர்களுடையது.)

இரண்டாம் தொடக்கம்: 1987இல் ஹேமநாத்தும் அருள்தாஸும் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில், நடக்காத அந்த வரலாற்றை உருவாக்கினார்கள். விமானத்துக்குத் தங்கள் ஆற்றின் பெயரை வைத்தார்கள். எஞ்சின் விமானியின் முதுகுக்குப் பின்னால். ஒரு நீண்ட தண்டு அவர் கால்களுக்கு நடுவே சென்று மூக்கிலுள்ள விசிறியைச் சுழற்றும். மூக்கு மெலிந்திருப்பதால் பார்வை மறையாது. இவையெல்லாம் ஹேமநாத்தின் யோசனைகள். அருள்தாஸ் சேர்த்தது ஒன்றே ஒன்று. விசிறி ஒருபுறமாகச் சுழன்றால் உடல் மறுபுறமாகப் புரளப் பார்க்கும்; ஆகவே இடது இறக்கை எட்டு அங்குலம் நீளமாக இருக்க வேண்டும்.*

* சில போர்க்கால விமானங்களில் மெய்யாகவே இவ்வாறு செய்ததாகப் படித்தேன். சிறுவர் அதைத் தாமே கண்டடைந்தது எனக்குப் பெருமையாக இருக்கிறது. நானே கற்பனை செய்த சிறுவர் என்றாலும்.

3

அறிவியல் கண்காட்சிக்குப் படத்தைப் பெரிதாக வரைந்தவர் ஹேமநாத். பார்வைக்கு அழகாக இருக்கட்டுமென்று இரு இறக்கைகளையும் சமமாக்கிவிட்டார். பரிசு கிடைத்தது. அருள்தாஸ் ஓராண்டு பேசவில்லை. பிறகு விமானப்படையில் தொழில்நுட்பராகச் சேர்ந்து ஊரைவிட்டே போனார்.

[இங்கே ஹேமநாத்தைப் பற்றி ஓர் ஐயம். அவர் தீயவரா? தீயவராக எழுதிப் பார்த்தேன். தாள் என்னை முறைத்தது.]

இப்போது இருவருக்கும் ஐம்பத்து மூன்று. ஓய்வுபெற்று ஊர் திரும்பியிருக்கும் அருள்தாஸ் ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பூசை முடிந்ததும் ஹேமநாத்தின் அறைக்கு வந்து, 1948க்குப் பின் என்ன நடந்திருக்கும் என்று பேசுவார். ஹேமநாத் பட்டுச் சேலைகளுக்குக் கணினியில் டிசைன் போடுகிறவர். அருள்தாஸின் மகள் டயானாவுக்கு அடுத்த புதன்கிழமை திருமணம். வரவேற்புக்கு உடுத்தும் சேலையின் முந்தானையில் நாகநதியை ஜரிகையில் பறக்கவிட ஹேமநாத் முடிவு செய்தார்.

4

திரையைப் பார்த்ததும் அருள்தாஸ் வாய்விட்டுச் சிரித்தார்.

“டேய், முந்தானியிலயா ஏத்திட்ட! மாப்ள வூட்டுக்காரங்க குண்டு போட வந்துட்சின்னு ஓடப்போறாங்கடா!”

பிறகு விரலைத் திரையில் வைத்து ஓர் இறக்கையை அளந்தார். மற்றதையும் அளந்தார்.

“ரெண்டும் ஒரே அளவா கீதே.”

ஹேமநாத்துக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பது ஆண்டுகளாக அவர் எதையும் பாதிதான் வரைந்திருக்கிறார். மயிலோ மாங்காயோ, நடுக்கோடு வரை வரைந்தால் போதும். மறுபாதியைத் தறியே திருப்பிப் போட்டுக்கொள்ளும். விமானத்தையும் அவர் கை அப்படியே முடித்துவிட்டிருந்தது.

“கைப் பழக்கம்டா. சத்தியமா.”

“அந்த நோட்ல என்னுதுன்னு கீறது அது ஒண்ணுதாண்டா. ரெண்டாவது வாட்டி எடுத்துட்ட.”

எடுத்த தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தறியில் மாட்டும் டிசைன் அட்டைகளை வாங்கிப்போக வந்திருந்த நெசவாளர் ஜெயம் மெல்லக் கனைத்தார். “தறி ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தாங்க போடும். நீளம் வேணும்னா அந்த நுனியில மட்டும் நான் கையால ஜரிக கோக்கணும். ஒட்டுப் போட்டாப்ல தெரியுங்க. அப்புறம் என்ன பேஜார் பண்ணக் கூடாது.”

5

முடிவு ஒன்று: ஜெயம் கையால் கோர்க்கிறார், மண்டபத்தில் அருள்தாஸ் கண்கலங்கி— (இது மிகச் சுலபமாக வந்தது. ஆகவே நம்பவில்லை.)

முடிவு இரண்டு: ஹேமநாத் விமானத்தை நீக்கிவிட்டு அன்னம் போடுகிறார். (இதை எழுதிவிட்டு அன்று முழுவதும் எனக்கு மனம் சரியில்லை.)

ஆகவே, தங்கள் அனுமதியுடன், தறி இருக்கும் இடத்திலேயே நிறுத்துகிறேன். ஞாயிறு காலை. மூக்கு நெய்தாகிவிட்டது. இறக்கை தொடங்கும் வரியில் ஜெயம் கையை எடுத்துவிட்டார்.

“கையால கோக்கட்டுமா, தறிய அப்படியே ஓட்டட்டுமா? ஜல்தி சொல்லுங்க. நெய்ஞ்சப்புறம் பிரிக்க முடியாது.”

கோர்த்து ஒட்டுத் தெரிந்தால், மகளின் பட்டைக் கெடுத்தான் என்பாரா அருள்தாஸ்; கோர்க்காமல் விட்டால், மூன்றாவது முறையும் எடுத்துவிட்டான் என்பாரா? ஹேமநாத்துக்குத் தெரியவில்லை. ஒரு வாரமாக எடுக்கப்படாத அந்த எண்ணை மறுபடியும் அழைக்கிறார். ஆறாவது மணியில் எடுக்கப்படுகிறது.

“சொல்லு” என்கிறது மறுமுனை. அவ்வளவுதான்.

ஹேமநாத்துக்காக இங்கே ஒரு வாக்கியம் எழுத மூன்று மாதம் முயன்றேன், வரவில்லை. தங்களுக்கு அப்படியொரு நண்பர் இருக்கக்கூடும். ஜெயம் மிதியில் கால் வைத்துக் காத்திருக்கிறார். தயைகூர்ந்து தாங்களே பேசுங்கள்.