மந்திரி வாசித்த பக்கம்

பார்லிமென்டில் எங்கள் கேள்விக்குக் குலுக்கலில் பதினோராம் எண் விழுந்திருந்தது. ஒன்பதைத் தாண்டிச் சபை போவதே அபூர்வம் என்று திருமதி ஓல்ட்ராய்ட் முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் எங்கள் தொகுதி உறுப்பினர், எதிர்க்கட்சி. கடிகாரம் மூன்றரையைத் தொட்டால் கேள்வி நேரம் முடிந்தது. மிஞ்சிய கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும், அதில் உப்பும் இருக்காது உறைப்பும் இருக்காது.

"வந்து உக்காருங்க நெட். ஆனா ரொம்ப ஆசைய வளத்துக்காதீங்க" என்றார்.

வந்தேன். விடிகாலையில் மீன் துறைமுகத்தில் பெட்டி தூக்கிவிட்டு, கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, லண்டன் ரயிலைப் பிடித்தேன். அப்படியும் பார்வையாளர் மாடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்தாள்.

மூன்று இருக்கை தாண்டி ஹெட்டி டோர்டாஃப் இருந்தாள். வில்ஃபின் மனைவி. திருமதி ஓல்ட்ராய்ட் அவளுக்கும் அனுமதிச் சீட்டு அனுப்பியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. நானும் அவளும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ஆனால் இரண்டு வருடமாக என்னை எதிரில் கண்டால் அவள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவாள். இப்போதும் பார்வையைக் கீழே சபையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பாமல் இருந்தாள்.

தோர்னெஸ் அரசுக் கப்பல் பட்டறையில் எண்ணெய்த் தொட்டி கழுவும் நாலு பேருக்கு நான் மேஸ்திரியாக இருந்தேன். காலியான தொட்டிக்குள் கெட்ட காற்று நிற்கும். அதைப் பார்க்க ஒரு காற்றுமானி கொடுப்பார்கள், முள் பச்சையில் நின்றால் இறங்கலாம். எங்கள் குழுவில் மானியைச் சுமப்பது வில்ஃப். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஜனவரிக் காலையில் முள் பச்சையில் நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். வில்ஃப் இறங்கினான். ஏணியின் எட்டாவது படியில் கை நழுவி விழுந்தான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி அவனைத் தூக்கி வருவதற்குள் முடிந்துவிட்டது. மானியில் ஒரு குறையும் இல்லை, மேஸ்திரி அதைப் பார்க்காமலே ஆளை இறக்கியிருக்கிறார் என்று விசாரணையில் எழுதினார்கள். வேலை போயிற்று. அது போகட்டும். ஊரில் எனக்கு வில்ஃபைக் கொன்றவன் என்று பேர்.

மானியில் கோளாறு இருப்பது இலாகாவுக்கு முன்பே தெரியுமா? இதுதான் எங்கள் கேள்வி. தெரியும் என்று ஒரு சொல் வந்தால் போதும், நான் கொன்றவன் இல்லை.

கீழே ஆளுங்கட்சிக்காரர்கள் நேரத்தை மென்று தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் எழுந்து தன் தொகுதிக் கொடியேற்று விழாவை மந்திரி சிறப்பித்ததற்கு நன்றி சொல்லவே இரண்டு நிமிடம் எடுத்தார். எதிர்வரிசையிலிருந்து ஒருவர், "அப்படியே ஷூவையும் தொடச்சி விட்டுட்டுப் போப்பா" என்றார். சிரிப்பு அடங்க இன்னும் அரை நிமிடம் போயிற்று. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவது கேள்விக்காரர் சபையிலேயே இல்லை. ஒன்பதும் பத்தும் ஒரே விஷயம் என்று சபாநாயகர் சேர்த்து எடுத்துவிட்டார். மூன்று இருபத்தேழுக்கு, "கேள்வி எண் பதினொன்று" என்று கேட்டது.

பதில் சொல்ல எழுந்தவர் ஆர்டிங்லி என்னும் துணை மந்திரி. இளவயது, நல்ல கோட்டு. மேஜையில் தடித்த கோப்பு ஒன்று விரிந்திருந்தது. அந்தக் கோப்பைப் பற்றித் திருமதி ஓல்ட்ராய்ட் ரயிலடியில் சொல்லியிருந்தார். இடப்பக்கம் இருப்பது சபைக்கு வாசிக்க. வலப்பக்கம் இருப்பது மந்திரியின் கண்ணுக்கு மட்டும். நடந்தது என்ன, எதைச் சொல்லக் கூடாது என்று அதிகாரிகள் அங்கே எழுதி வைத்திருப்பார்கள்.

மந்திரி இடப்பக்கத்தை வாசித்தார். உறுப்பினரின் அக்கறையை மதிப்பதாகவும், விசாரணை முறைப்படி முடிந்துவிட்டதாகவும், சேர்த்துச் சொல்லத் தன்னிடம் ஒன்றுமில்லை என்றும் சொல்லி உட்கார்ந்தார். இரண்டு வருடமாக ஊரில் நான் கேட்டு வந்ததும் இதுதான்.

அதன்பிறகு முன்னறிவிப்பு இல்லாத ஒரு துணைக்கேள்விக்கு எங்கள் உறுப்பினருக்கு உரிமை உண்டு. எல்லாரும் அதைச் சின்னப் பிரசங்கமாக ஆக்குவார்கள். அவர்கள் பேசும் நேரத்தில் மந்திரி கோப்பைப் புரட்டி உரிய பக்கத்தைப் பிடித்துவிடுவார். அவரும் நிதானமாகத்தான் புரட்டத் தொடங்கினார். திருமதி ஓல்ட்ராய்ட் எழுந்து நின்று இவ்வளவுதான் கேட்டார்:

"எந்தத் தேதியில தெரியும்?"

உட்கார்ந்துவிட்டார். மந்திரி இன்னும் பாதிப் புரட்டலில் இருந்தார். சபாநாயகர் அவரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மந்திரி அவசரமாக எழுந்து, விரல் எங்கே நின்றதோ அங்கிருந்து வாசித்தார்.

"டிசம்பர் ஒன்பதாம் தேதி. குளிரில் மானியின் முள் பச்சையிலேயே நின்றுவிடுகிறது என்று டபிள்யூ. டோர்டாஃப் என்னும் தொழிலாளி இலாகாவுக்கு எழுதினார். பணி தடைப்படக் கூடாது என்பதால் மானிகள் திரும்பப் பெறப்படவில்லை. ரகசியக் காப்பு உறுதிமொழி அவருக்கு நினைவூட்டப்பட்டது. விசாரணைக்கு முன் அவர் மனைவியிடமும்..."

பக்கத்திலிருந்த மூத்த மந்திரி அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார். வாசிப்பு நின்றது.

ஆர்டிங்லி தாளைப் பார்த்தபடி நின்றார். தான் வாசித்தது வலப்பக்கம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், கழுத்திலிருந்து மேலே வெளுத்துக்கொண்டே போனார். பிறகு எதிர்வரிசை மொத்தமும் எழுந்தது. நான் அப்படி ஒரு சத்தத்தைப் பட்டறையில்கூடக் கேட்டதில்லை. சபாநாயகர் ஒழுங்கு ஒழுங்கு என்று கத்தியது வாயசைவில்தான் தெரிந்தது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காதுக்குள் டோர்டாஃப் என்ற பேர் மட்டும் நின்றது. வில்ஃபுக்குத் தெரியும். மானியைச் சுமந்தவனுக்கே தெரியும். அன்று காலை முள்ளை என்னிடம் காட்டி, பச்சை என்று சொன்னவனும் அவன்தான். எப்போதும் முதலில் இறங்குவது மேஸ்திரி. அன்றைக்கு மட்டும் அவன் என் மார்பில் கை வைத்துத் தள்ளி, "இன்னிக்கு நான் போறேன், நீ கொஞ்சம் நில்லு" என்றான். என் இடுப்பு வலிக்காகச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

திரும்பிப் பார்த்தேன். ஹெட்டியின் இருக்கை காலி.

கீழே நடு மண்டபத்துக்கு இறங்கி வந்தபோது அவள் கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். திருமதி ஓல்ட்ராய்ட் ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சபைக் குறிப்பில் அச்சேறியதை இனி யாராலும் அழிக்க முடியாது, பேர் சுத்தமாகிவிட்டது, நிருபர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், நகராதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஹெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் எழுந்து போகவில்லை.

அவளே பேசினாள்.

"அந்த லெட்டர எழுதுனது நான்தான். அவரு சொல்லச் சொல்ல எழுதுனேன். நாலு நாள் கழிச்சு கோட்டுப் போட்ட ரெண்டு பேரு வீட்டுக்கு வந்தாங்க. வேலைல சேந்தப்ப அவரு கையெழுத்துப் போட்ட தாள எடுத்து மேச மேல வச்சாங்க. யார்கிட்டயாவது மூச்சு விட்டா ஜெயிலுன்னாங்க. அவரு போனப்புறம் அதே ரெண்டு பேரு வந்து எனக்கும் ஒரு தாள நீட்டினாங்க."

"கையெழுத்துப் போட்டியா?"

"போட்டேன்."

"ரெண்டு வருஷமா என்னப் பாத்து ஒதுங்கிப் போனியே ஹெட்டி. நான்தான் கொன்னேன்னு நீ நெனைக்கறதா நெனச்சேன்."

"உன் மூஞ்சியப் பாத்தா சொல்லிடுவேன் நெட். அதான் ஒதுங்குனேன்."

அவள்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது வேறு எதுவோ. அந்தத் தாளை எனக்கும் தெரியும். பட்டறையில் காலெடுத்து வைத்த அன்று ஐந்து பேரும் ஒரே மேஜையில், ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டோம். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. குமாஸ்தா காட்டிய இடத்தில் என் பேரைப் படம் மாதிரி வரைந்தேன்.

"நானும் அதே தாள்ல கையெழுத்துப் போட்டவன்தான ஹெட்டி" என்றேன். "எங்கிட்ட சொன்னா என்ன ரகசியம் வெளிய போயிருக்கும்?"

அவள் கையை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். இத்தனை நாளில் அது அவளுக்குத் தோன்றவே இல்லை என்பது தெரிந்தது. வில்ஃபுக்கும் தோன்றியிருக்காது. யார்கிட்டயும் என்றால் யார்கிட்டயும்தான் என்று அந்த இரண்டு பேரும் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டான். சொல்லவும் முடியாமல், என்னை இறங்க விடவும் மனசில்லாமல், முள்ளை நம்பாமல் தன் மூக்கை நம்பி ஏணியில் கால் வைத்திருக்கிறான். இரண்டு சொல் காதில் சொல்லியிருந்தால் ஐந்து பேரும் கரையில் உட்கார்ந்து டீ குடித்திருப்போம்.

ஹெட்டி அழவில்லை. "எனக்குத் தோணல நெட்" என்று மட்டும் சொன்னாள். மறுபடியும் அதையே சொன்னாள்.

திருமதி ஓல்ட்ராய்ட் நிருபர்களோடு வந்துவிட்டார். நாலைந்து பேர், கையில் நோட்டுப் புத்தகம். கடிதம் எழுதியது யார் என்று ஒருவர் கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன், அவளுடைய தாள் இன்னும் இலாகாவிடம் இருக்கிறது. ஹெட்டி எழுந்து கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு, நான்தான் எழுதினேன், நான்தான் வில்ஃபின் மனைவி என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

கடைசியில் நின்ற சின்ன வயசுப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதான அந்த மேஸ்திரி?"

இரண்டு வருடமாக அந்தச் சொல்லைக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு நடந்தவன் நான்.

"ஆமாம்மா" என்றேன். "அன்னிக்கு மொதல்ல நான்தான் எறங்கியிருக்கணும்."

அதையும் எழுதிக்கொள் என்று சொன்னேன்.