கலைச்செல்வி எழுதிய துறை

கலைச்செல்வியைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். ஒரே தெரு, ஒரே காலேஜ், ஒரே பஸ். அவள் பேங்க் பரீட்சைக்குப் படித்தாள், நானும் படித்தேன். அவள் குரூப் ஃபோர் என்றாள், நானும் அதற்கு ஓடினேன். இரண்டு பேருமே தேறவில்லை. அதில் மட்டும் எனக்கு நிம்மதி.

போன சனிக்கிழமை செஞ்சியில் வேலைவாய்ப்பு முகாம். பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து ஃபாரம் நிரப்பினோம். பெயர், படிப்பு எல்லாம் மளமளவென்று எழுதிவிட்டேன். 'விரும்பும் துறை' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. எனக்கு எதுதான் பிடிக்கும்? சத்தியமாகத் தெரியவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். கலைச்செல்வி 'மருத்துவமனை' என்று எழுதியிருந்தாள். ஓஹோ, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு எங்கள் தெருவிலேயே நடக்கப் போகிறாளா? நானும் அதையே எழுதிக்கொண்டு, அவளுக்கு முன்னால் ஓடிப்போய் நின்றேன்.

ஆஸ்பத்திரிக்காரர்களின் மேஜையில் இருந்த அம்மா, "ரத்தம்னா பயம் இல்லியேம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். விரலில் கத்தி பட்டாலே மயங்கி விழுகிற ஆள் நான். அந்த அம்மா செல்போனில் ஒரு புண்ணின் படத்தைக் காட்டினார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வெளியே கலைச்செல்வி பல்லெல்லாம் தெரிய நின்றிருந்தாள்.

"வளர்மதி, எனக்குக் கெடச்சிடுச்சிடி! ஜவுளிக் கடை. சேல்ஸ்."

"இன்னாடி சொல்ற? ஆஸ்பத்திரின்னுதான எழுதுன?"

"அது ரஃப்புடி. கிழிச்சிப் போட்டுட்டு வேற எழுதுனேன். ஒரு துண்டக் குடுத்து வித்துக் காட்டச் சொன்னாங்க. வித்துட்டேன். இன்னும் ஒரு எடம் இருக்குது, போய்ப் பாரேன்."

சேல்ஸா! இவளா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது இவளுக்கு. நானோ அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் கோயில் வாசலில் எங்கள் நைனா கடையில் நின்று எலுமிச்சம்பழம் விற்பவள். "ஒண்ணு அம்மனுக்குன்னா வூட்டுக்கு எது? ரெண்டா எடுக்கா!" என்று நான் ஒரு குரல் கொடுத்தால் கூடை காலியாகும். போன இரண்டு அமாவாசைக்கு இவளும் கூட வந்து, வாயைத் திறக்காமல் பை எடுத்துக் கொடுத்தாள். அதையெல்லாம் ஒரு வேலை என்றே நான் நினைத்ததில்லை. அவளுக்குக் கிடைத்த பிறகுதான் உறைத்தது. ஓடினேன்.

ஜவுளிக் கடை மேஜையில் இருந்தவர் என் ஃபாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு துண்டை நீட்டினார். எனக்குக் கொஞ்சமும் பயமில்லை.

"இன்னா சார், ஒண்ணே ஒண்ணா? ஒண்ணு உங்களுக்குன்னா வூட்டுக்கு எது? ரெண்டா எடுங்க சார்!"

அவர் சிரித்துவிட்டார்.

"இப்பத்தான் ஒரு பொண்ணு இதையே சொல்லிட்டுப் போச்சி. ஒரு வார்த்த மாறல. வெளிய அதுகிட்டக் கேட்டுட்டு வந்தியா?"

"ஐயோ சார், அது என்னுது சார்! அவதான் என்னப் பாத்து..."

அவர் ஃபாரத்தைப் பார்த்தார்.

"விரும்பும் துறை மருத்துவமனைன்னு எழுதியிருக்கியேம்மா. இதுவாச்சும் உன்னுதா?"

துண்டை மடித்து மேஜைமேல் வைத்தேன்.