கரித்தொட்டிக்கு ஒரு வரவேற்பு

அதிகாரி வருகிறார் என்றால் வழி நெடுக ப்ளீச்சிங் பவுடர் தூவுவது நம் ஊர்களில் ஒரு பூஜை. சாக்கடை அடைத்துக் கிடக்கும், கொசு குடும்பம் நடத்தும், ஆனால் இரண்டு ஓரமும் வெள்ளைக் கோடு மட்டும் பளிச்சென்று இருக்கும். திருவனந்தபுரத்துக் கழிவுநீர் வந்து சேருகிற அந்த நிலையத்திலும் அன்று கேட்டிலிருந்து குரோட்டன்ஸ் செடி வரைக்கும் தூவியிருந்தார்கள். ஸ்கூட்டரை நிறுத்திய ஜானவிக்கு அதைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை. அவள் நினைப்பெல்லாம் கரித்தொட்டியில் இருந்தது.

கரித்தொட்டி அவளுடைய ஆராய்ச்சி. ஊர் முழுக்க விழுங்குகிற மருந்துகளோடு பழகிப் பழகி, எதற்கும் சாகாத கிருமிகள் சாக்கடையில் பெருகிக் கிடக்கின்றன. நிலையத்தில் குளோரின் போட்டால் அவை செத்துப்போகும், சரி. ஆனால் மருந்தை எதிர்க்கச் சொல்லிக்கொடுத்த மரபணு சாகாது. செத்த கிருமி வெடித்ததும் அது தண்ணீரில் மிதக்கும். கால்வாயில் உயிரோடு இருக்கிற இன்னொரு கிருமி அதை எடுத்து வைத்துக்கொள்ளும். செத்தவன் சொத்து பங்காளிக்குப் போகிற கதைதான். அந்தச் சொத்தைத் தின்று தீர்ப்பதற்காக, சோதனைக்காக ஒரு சின்னத் தொட்டியில் தேங்காய்ச் சிரட்டைக் கரியை நிரப்பி, அதன் மேல் நல்ல நுண்ணுயிர்களைப் பாசி போல வளர்த்திருந்தாள். அவை தின்னவும் செய்தன. இன்று அதைச் சோதிக்க வருகிற குழு சரி என்று சொன்னால் நிலையம் முழுவதற்கும் பெரிதாகக் கட்டுவார்கள். இல்லையென்றால் இதையும் இடித்துவிட்டு அந்த இடத்தில் கார் ஷெட்.

அவளுக்கு இது வெறும் உத்தியோகம் இல்லை. அவள் அப்பா அருமைநாயகத்துக்குக் காலில் சின்னதாக ஒரு புண் வந்தது. மருந்து கேட்கவில்லை, கேட்கவில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சாலைக் கடைத்தெருவில் நாளெல்லாம் நடந்து வியாபாரம் பார்த்த மனுஷன் இப்போது பாத்ரூம் போக மகளைக் கூப்பிடுகிறார்.

தொட்டியை நெருங்கும்போதே நெடி மூக்கில் அடித்தது. ஜானவி ஓடிப்போய்க் குனிந்து பார்த்தாள். கரியின் மேலிருந்த பாசி திட்டுத் திட்டாக உரிந்து வெளுத்து மிதந்தது.

"யாரு இதுல ப்ளீச்சிங் போட்டது?"

ஆபரேட்டர் கோலப்பன் சிரித்த முகமாக வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், நிலையத்தில் பழைய ஆள். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

"நான்தாம்மா. பெரிய ஆளுக வாறாங்கல்லா? ஒங்க தொட்டி மட்டும் பாசி புடிச்சிக் கெடந்தா மானக்கேடுல்லா? நேத்து சாயங்காலமே ரெண்டு பக்கெட் கரைச்சு ஊத்திட்டேன். இப்ப ஒத்தக் கிருமி கெடயாது, கேட்டோ."

"அய்யோ அண்ணாச்சி! அந்தப் பாசிதானே வேலை செய்யுது! என் குடியக் கெடுத்துட்டீங்களே!"

"நல்லதுக்குத்தான மோளே செஞ்சேன்" என்றார் கோலப்பன், முகம் சுண்டிப்போய். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த முகத்தில் கள்ளம் துளிகூட இல்லை; திட்டக்கூட முடியவில்லை.

அதற்குள் குழு வந்துவிட்டது. தலைவர் பத்மகுமாரிடம் நேராகப் போனாள்.

"சார், இன்னைக்கு சாம்பிள் எடுக்காதீங்க. தொட்டியில ப்ளீச்சிங் கலந்துட்டாங்க. பாசி திரும்ப வளர சில மாசம் ஆகும்."

"ப்ளீச்சிங் போட்டா நல்லதல்லே மேடம்? சுத்தம்தானே?"

"கிருமி சாகும் சார். ஆனா வெடிச்சு, உள்ள இருக்கற மரபணு முழுக்கத் தண்ணிக்கு வந்துடும். இன்னைக்கு எடுத்தா தப்பாத்தான் காட்டும்."

"பரீட்சை அன்னைக்கு வயித்துவலின்னு சொல்ற பிள்ளை மாதிரி சொல்றீங்களே" என்று அவர் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். "எனக்குத் தம்பானூர் போயி வண்டி பிடிக்கணும். எடுக்கட்டும்."

எடுத்தார்கள். முடிவு வந்தபோது உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லை. மரபணுவோ உள்ளே போனதைவிட வெளியே வந்தது அதிகம். கூட்டத்தில் ஜானவி தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்கு. கரித்தொட்டியால் பிரயோஜனம் இல்லை, கிருமியைக் கொன்றது ப்ளீச்சிங்தான், ஆகவே குளோரின் அளவைக் கூட்டுங்கள் என்று பத்மகுமார் முடித்துவிட்டார். சுத்தமாக வைத்திருந்ததற்காகக் கோலப்பனுக்குப் பொன்னாடை வேறு. படித்த கூட்டம்! எல்லோரும் கை தட்டினார்கள்.

இடிக்கிற அன்று அவள் போயிருந்தாள். சிரட்டைக் கரியை லாரியில் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பொன்னாடை கிடைத்த சந்தோஷத்தில் கோலப்பன் ஒரு டப்பாவில் லட்டு கொண்டுவந்தார். விரலில் இருந்த கட்டு இப்போது மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. கை முழுக்க வீங்கிச் சிவந்திருந்தது.

"என்ன அண்ணாச்சி இது?"

"வெளிய போற தண்ணி வால்வு கிழிச்சதும்மா. ஒண்ணுமில்லன்னு விட்டேன். ஆறவே மாட்டேங்கு. மருந்து மாத்தி மாத்திக் குடுக்காங்க, ஒண்ணும் கேக்கல. நாளையிலேந்து ஆஸ்பத்திரியில கெடந்து ஊசி போடணுமாம்."

"என்ன ஊசி?"

சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். காலை எடுப்பதற்கு முன்னால் அப்பாவுக்குக் கடைசியாகப் போட்ட அதே ஊசி.

"இது கேக்கும்லா மேடம்? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

ஜானவி டப்பாவிலிருந்து ஒரு லட்டை எடுத்துக்கொண்டாள்.

"கேக்கும் அண்ணாச்சி" என்றாள்.