நாற்பத்திரண்டு பாடங்கள்

கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னபோதே செங்கொடிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. திருவொற்றியூரில் பம்பு கம்பெனி ஒன்றின் சோதனைப் பிரிவில் ஏழு வருஷம் இருந்த என்ஜினீயர் அவள். உலகம் முழுக்க இருக்கும் மாணவர்களுக்கு இணையம் வழியாக என்ஜினீயரிங் சொல்லித்தரப் போவதாகப் புரொபசர் கருணாகரன் கூப்பிட்டதும், அந்த வேலையை விட்டுவிட்டு விம்கோ நகருக்கு வந்தாள். வாடகைக்குப் பிடித்த பழைய கொட்டகையில் பம்பு, குழாய், அளவுமானி எல்லாவற்றையும் தானே பொருத்தினாள். நாற்பத்திரண்டு பாடங்களையும் எழுதி, பேசி, செய்து காட்டினாள்.

முதல் பாடம் வெளியானது. கையுறைக்குள் இருந்த கை அவளுடையது. குரல் கருணாகரனுடையது.

“உன் இங்கிலீஷ்ல வியாசர்பாடி வாடை அடிக்குதும்மா. வெளிநாட்டுக்காரன் சிரிப்பான்,” என்றார்.

“கடைசீலயாச்சும் என் பேரு போடுங்க சார்.”

“பாக்கலாம்.”

பதினான்கு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தார். மாணவர்களின் சந்தேகங்களுக்கு அவர் பெயரில் அவள்தான் பதில் எழுதினாள். கென்யாவிலிருந்து அச்சியெங் என்ற பெண் பக்கம் பக்கமாகக் கேள்வி அனுப்புவாள். பதில் போனதும் “நன்றி, புரொபசர்” என்று வரும்.

ஒருநாள் கொட்டகையைப் பார்க்க வந்தவர்கள் அவளைக் காட்டி யாரென்று கேட்டார்கள். “மெஷின் தொடைக்கிற பொண்ணு,” என்றார் கருணாகரன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவள் அழவில்லை. கையிலிருந்த துணியை நான்காக மடித்து வைத்தாள். அன்றிலிருந்து சமயம் பார்த்துக் காத்திருக்க ஆரம்பித்தாள்.

ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்று இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் தர முன்வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. புரொபசர் தானே இயந்திரத்தை இயக்கி, நேரலையில் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். பல்கலைக்கழகக் குழுவினரோடு இருநூறு மாணவர்களும் பார்ப்பார்கள்.

அந்தப் பம்பில் ஒரு சின்னக் கோளாறு உண்டு. தண்ணீர் உறிஞ்சும் குழாயின் அடி வால்வு லேசாகக் கசியும். நிறுத்தி வைத்தால் உள்ளேயிருக்கும் தண்ணீர் முழுக்க இறங்கிவிடும். தினமும் காலையில் முதலில் வந்து வாளித் தண்ணீர் ஊற்றி நிரப்புவது செங்கொடிதான். கருணாகரனுக்கு இது தெரியாது. பத்து மணிக்கு முன்னால் அவர் வந்ததே இல்லை.

நேரலை அன்று அவள் ஊற்றவில்லை.

“எல்லாம் ரெடியா?” என்று கேட்டார், கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டே.

“நல்லா தொடைச்சி வச்சிகீறேன் சார்.”

கேமராக்காரன் ரஷீது கட்டைவிரலைக் காட்டினான். கருணாகரன் சிரித்தபடி சுவிட்சைப் போட்டார். மோட்டார் சுற்றியது. அழுத்தமானியின் முள் அசையவில்லை. “கொஞ்சம் நேரம் எடுக்கும்,” என்றார். சத்தம் கரகரவென்று ஏறியது. ரப்பர் கருகும் வாடை கொட்டகையை நிரப்பியது.

திரையில் அச்சியெங் குரல் கொடுத்தாள். “புரொபசர், பம்பில் தண்ணீர் நிரப்பினீர்களா? நிரப்பாமல் ஓட்டினால் ரப்பர் சீல் எரிந்துபோகும் என்று ஏழாம் பாடத்தில் நீங்கள்தானே சொன்னீர்கள்?”

கருணாகரனின் முகம் வெளுத்தது. பக்கவாட்டில் திரும்பி, மைக் இருப்பதை மறந்து, “இப்ப என்ன செய்யணும்? சீக்கிரம் சொல்லு,” என்றார்.

செங்கொடி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “எனுக்கு இன்னா சார் தெரியும்? தொடைக்கிறவ தானே நானு.”

அவர் நெற்றியில் வேர்வை இறங்குவதை நிதானமாகப் பார்த்தாள். போதுமென்று தோன்றிய பிறகுதான் நடந்துபோய் மோட்டாரை நிறுத்தினாள். கேமராவுக்கு நேராக நின்று, அதே வியாசர்பாடி இங்கிலீஷில், எது எரிந்தது, ஏன் எரிந்தது என்று விளக்கினாள். “ஏழாம் பாடத்தை எழுதியது நான். மற்ற நாற்பத்தொன்றும் நான்தான்.” ஒருவரும் சிரிக்கவில்லை. குழுவின் தலைவி கருணாகரனிடம் மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் அவர் இருமினார்.

அங்கீகாரம் வரவில்லை. இரண்டு மாதத்தில் கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. மாணவர்கள் வேறு வேறு இடங்களில் சேர்ந்தார்கள்.

“அந்தாளைப் பழி வாங்குனே, சரி. என் பொழப்பு இன்னாக்கா பாவம் பண்ணுச்சு?” என்று ரஷீது போனில் கேட்டான். அவனுக்காக வருந்தினாள். தன் கையால் பொருத்திய பம்பைத் தானே எரியவிட்டதற்கும் வருந்தினாள். கருணாகரனுக்காக ஒரு துளியும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே அவள் வீட்டுக்கு வந்தார். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு கட்டடத்தின் நான்கு மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே நிற்க வைத்தாள்.

“திரும்ப ஆரம்பிக்கலாம், செங்கொடி. நீதான் முகம், நீதான் குரல். உன் பேரையே போட்டுடலாம்.”

“பாக்கலாம் சார்,” என்றாள்.

அவர் முகத்தில் நம்பிக்கை துளிர்க்கும் வரை காத்திருந்து, கதவைச் சாத்தினாள். வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தார். பிறகு செருப்புச் சத்தம் படிப்படியாகக் கீழே இறங்கியது. கதவில் காதை வைத்து, கடைசிப் படி வரைக்கும் கேட்டாள்.