சிவப்புப் பொத்தானுக்குப் பின்னால் இரண்டு கம்பிகள்

1
இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பிடும்போது தங்கை சொன்னது. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மோட்டார்களை ஓட்டும் டிரைவ் பெட்டிகளுக்கு அவள்தான் வைத்தியர். அந்தப் பெட்டிக்குள் பாதுகாப்பு மாட்யூல் என்று ஒன்று உண்டு. சிவப்புப் பொத்தானை அமுக்கினால், மோட்டாரைச் சுற்றவைக்கும் விசையை அது வெட்டிவிடும். அந்த மோட்டார்தான் அட்டைக்குப் பசை தடவும் ரோலரை உருட்டுவது. இதைக் கதையாக்கப் போகிறேன் என்றதும் அவள் சிரித்தாள்.

"உனக்கு ஃபியூஸ் மாத்தவே தெரியாதேண்ணா!"

2
முதல் தொடக்கம்: 'அன்று அந்த ராட்சத ரோலர் ரத்தவெறியோடு—'

(அடித்துவிட்டேன். தங்கை தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டாள்.)

இரண்டாம் தொடக்கம்: 'பொத்தானை அமுக்கியதும் ரோலர் டக்கென்று நின்றது.'

"டக்குனு எங்க நிக்குது? விசைதான் போகும். ரோலர் சுத்திச் சுத்தித் தானாத்தான் ஓயும். அதுக்குள்ள கைய விட்டா அம்போதான்."

வரிக்கு வரி இப்படிக் குறுக்கே விழுந்தால் மனிதன் எப்படி எழுதுவது?

3
சரி, கைக்கு வருவோம். அது ஆபரேட்டருடைய கை. அவர் நடக்கிற வேகத்துக்கு 'எக்ஸ்பிரஸ்' என்றே பட்டப்பெயர். ரோலரில் பசை அப்பிக்கொண்டால் பொத்தானை அமுக்கி, ஓய்ந்ததும் கையை உள்ளே விட்டுச் சுரண்டுவார்.

பொத்தானுக்குப் பின்னால், மாட்யூலுக்குப் போகும் இரண்டு கம்பிகள். ஒன்று காலை வாரினாலும் மற்றது விசையை வெட்டவேண்டும். சோதனை என்ற பெயரில் இதுவரை எல்லோரும் பொத்தானை மட்டும் அமுக்கிப் பார்த்து, ரோலர் நின்றதும் டீ குடிக்கப் போனார்கள்.*

தங்கை அன்று கம்பிகளைத் தனித்தனியாகக் கழற்றினாள். எதைக் கழற்றினாலும் விசை போகவேண்டும். முதல் கம்பியைக் கழற்றியதும் ரோலர் ஓய்ந்தது. அதை மாட்டி, மறுபடி ஓடவிட்டு, அடுத்ததைக் கழற்றினாள். ரோலர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. மாட்யூலுக்குள் அந்தக் கம்பியின் பக்கம் செத்துப்போயிருந்தது.

எக்ஸ்பிரஸ் தன் கையையே பார்த்தாராம். "இவ்ளோ நாளா ஒத்தக் கம்பிய நம்பியா உள்ள விட்டுட்டிருந்தேன்?"

* பொத்தான் இரண்டையும் சேர்த்தே வெட்டும். ஒன்று செத்துக் கிடந்தாலும், மற்றது செய்த வேலையில் அதுவும் பாஸாகிவிடும். பழைய மாடல், பழுதென்று தானாகவும் சொல்லாது. நம் ஆபீசிலும் இப்படி இரண்டொருவர் உண்டு.

4
இங்கே ஒரு விரலாவது போனால் கதை சூடுபிடிக்கும். எழுதியும் பார்த்தேன்: 'அவருடைய ஆள்காட்டி விரல்—'

"விரல் போனாத்தான் கதையா? தினமும் பொண்ணுக்குத் தலை பின்னிவிட்டுட்டு வேலைக்கு வர்ற மனுஷன்ணா அவரு!"

தங்கைக்கு நிஜமாகவே கோபம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. விரலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

5
புது மாட்யூல் மாட்டியாயிற்று. மேலாளர் பறக்கிறார். "புதுசுதானேம்மா, இதுக்குமா டெஸ்ட்? லாரி காத்துக்கிட்டு நிக்குது."

"லாரி நிக்கட்டும் சார். அவங்க நிதானமாப் பாக்கட்டும்." சொன்னது எக்ஸ்பிரஸ்தான், நம்புங்கள்.

இனி ரோலரை அப்படியே வேலைக்கு ஓடவிடுவதா, கம்பிகளை மறுபடி ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதா? முடிவை உங்களிடமே விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மெயின் ஸ்விட்சில் தங்கை பூட்டுப் போட்டிருக்கிறாள், சாவி அவளிடம். கதையை முடிக்கவேண்டும், கொடு என்று கேட்டேன்.

"தரேன். டெஸ்ட் பண்ணாம ஓட்டி, முதல்ல நீ கைய விட்டுக் காட்டு."

எனக்கு இருப்பதோ எழுதுகிற கை. அதனால் கதை இங்கேயே நிற்கிறது. உங்களுக்கு அவசரமென்றால் நீங்களே போய்ச் சாவியைக் கேளுங்கள். இடதா வலதா என்று கேட்பாள், யோசித்துச் சொல்லுங்கள்.